முத்துவின் பறவையும் எங்கள் கடலும்

உயர்தரப் பெறுபேறுகள் வெளியான கிழமை ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு, முன்பு என்னிடம் படித்த மாணவி ஒருத்தி தன் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருந்தாள். மருத்துவத்துக்கு இசெட் புள்ளி போதாது. இன்னொரு தடவை எழுதட்டும் என்பது குடும்பத்தின் முடிவு. அவளுடைய விருப்பம் வேறு. விஞ்ஞான பீடத்துக்குப் போய் விலங்கியல் படிக்கவேண்டும், அதன் பிறகு வனசீவராசிகளையும் கடல் உயிர்களையும் பற்றி ஆராயவேண்டும் என்றாள்.

வாப்பா கடற்றொழிலாளி. குச்சவெளிக் கரையில் கரைவலை இழுத்துக் கைகள் காய்ப்பேறியவர். அவர் என்னைப் பார்த்து, "என்ன சேர் இது? ஆமய எண்ணுறத்துக்கும் ஒரு பட்டமா? எங்கட மூத்தவங்க காணாத ஆமையா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

அன்றைக்கு என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. நானும் உயர்தரத்தில் உயிரியல் படித்தவன்தான். புள்ளி போதாமல் ஆசிரியர் கலாசாலைக்குப் போய், பயிற்றப்பட்ட ஆசிரியராக ஊருக்குத் திரும்பியவன். வனசீவராசிகளைப் பற்றிப் படிப்பதென்றால் என்ன, அதை யார் படித்தார்கள், எங்கள் கரையோடு அதற்கு என்ன தொடர்பு என்று எனக்கும் அன்று கோவையாகத் தெரியாது. பின்னர் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க, அந்த மனிதருடைய கேள்விக்குள் நூற்று எழுபது வருடச் சரித்திரம் ஒன்று இருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பருத்தித்துறையில் ஒரு காலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எட்கார் லேயார்ட் என்ற ஆங்கிலேயர் இலங்கையில் அரசாங்க உத்தியோகம் பார்த்தார். பறவைகளில் பித்துக் கொண்டவர். அவரிடம் முத்து என்ற தமிழர் பணியாளாக இருந்தார். ஜூன் மாதத்தில் ஒரு காலை, பருத்தித்துறையில் முத்து ஒரு சிறிய பறவையைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். மங்கிய மண்ணிறம், வெளிறிய தொண்டை, ஈக்களைப் பிடித்துத் தின்னும் சாதி. அதுவரை எந்தப் புத்தகத்திலும் ஏறாத பறவை. 1854இல் லேயார்ட் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது தன் பணியாளின் பெயரையே வைத்தார். இன்றைக்கும் உலகம் முழுவதும் அதன் பெயர் 'மஸ்கிகாபா முத்துவி'. தனக்குக் கிடைத்த அருமையான பறவைகளில் பலவற்றுக்கு முத்துவின் பொறுமையும் வேட்டைத் திறமையுமே காரணம் என்று லேயார்ட் ஒளிக்காமல் எழுதியும் வைத்தார்.

இந்தச் செய்தியை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமும் வந்தது, ஒரு நெருடலும் வந்தது. ஒரு தமிழ்ப் பணியாளின் பெயர் விஞ்ஞானத்தில் நிலைத்துவிட்டது என்பது சந்தோஷம். ஆனால் ஆங்கிலத்தில் அந்தப் பறவையை 'லேயார்டின் ஈப்பிடிப்பான்' என்றும் அழைக்கிறார்கள். முத்து எந்த ஊர், யாருடைய மகன், பறவைகளின் போக்குவரத்தை எங்கே கற்றார் என்பதெல்லாம் போய்விட்டது. அவர் அறிந்தவர், லேயார்ட் எழுதியவர். எழுதியவரின் வாழ்க்கை நூல்களில் இருக்கிறது. அறிந்தவருக்கு மிஞ்சியது ஒரு லத்தீன் விகுதியோடு ஒட்டிய பெயர் மட்டும்.

அந்தப் பெயராவது மிஞ்சியது லேயார்டின் நேர்மையால். வேறு எத்தனையோ பேர் கொண்டுவந்து கொடுத்தவற்றுக்கு அதுவும் இல்லை.

திருகோணமலையின் வைத்தியரும் பீரங்கிப் படை அதிகாரியும்

ஏறக்குறைய அதே காலத்தில் எங்கள் மாவட்டத்தின் கடலையும் ஒருவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். எட்வேர்ட் பிரெடரிக் கெலார்ட் இலங்கையில் பிறந்த பறங்கியர். எடின்பரோவில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்று, இராணுவ வைத்தியராக நாடு திரும்பியவர். 1852இல் இலங்கையின் விலங்குகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூல், இந்த மண்ணில் பிறந்த ஒருவர் இந்த மண்ணின் விலங்குகளை விஞ்ஞான முறைப்படி பட்டியலிட்ட முதல் முயற்சிகளுள் ஒன்று. பிறகு அவருடைய கவனம் கடலின் பக்கம் திரும்பியது. முத்துச் சிப்பிகளை ஆராயும்படி அரசாங்கம் கேட்டது. திருகோணமலைக் கரையில் அவர் ஓடில்லாத கடல் நத்தைகளைச் சேகரித்து, நிறம் மங்குமுன் வரைந்து, விவரித்து வைத்தார். ஓடில்லாத கடல் நத்தையை ஸ்பிரிட்டில் போட்டால் சில நாளில் நிறம் போய்விடும். கரையிலேயே இருந்து, உயிரோடு பார்த்து எழுதினால்தான் உண்டு. 1860இல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கப்பலிலேயே அவர் காலமானார்.

அடுத்து வந்தவர் வில்லியம் வின்சன்ட் லெக். தஸ்மேனியாவில் பிறந்து, பிரித்தானியப் பீரங்கிப் படையில் சேர்ந்து, 1868 முதல் 1877 வரை இலங்கையில் இருந்தவர். 1878க்கும் 1880க்கும் இடையில் வெளிவந்த அவருடைய 'இலங்கைப் பறவைகளின் சரித்திரம்' என்ற பெரிய நூல் இன்றைக்கும் பெறுமதி குறையாதது. அந்த நூலைப் புரட்டினால் திருகோணமலை என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். எந்த மாதத்தில் எந்தப் பறவை இங்கே வரும், எங்கே கூடு கட்டும் என்று அவர் குறித்திருக்கிறார். இன்று எங்கள் களப்புகளில் ஒரு பறவை குறைந்துவிட்டது என்று சொல்ல வேண்டுமானால், முன்பு இருந்தது என்பதற்கான எழுத்துச் சாட்சி அவரைப் போன்றவர்களிடம்தான் இருக்கிறது. இதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

வேட்டைக்காரர்கள் காவலர்களான கதை

வனசீவராசிகளைப் பாதுகாக்கும் எண்ணம் இந்த நாட்டின் அரசாங்கத்துக்கு வந்ததே வேட்டையால்தான். தோட்டத்துரைமாரும் அதிகாரிகளும் பொழுதுபோக்குக்காகச் சுட்டுத் தள்ளியதில் யானையும் மானும் அருகிப்போயின. சுடுவதற்கு மிருகம் மிஞ்சவேண்டும் என்ற கவலையில் 1894இல் வேட்டை மிருகங்களைப் பாதுகாக்கும் சங்கம் ஒன்றை அவர்களே அமைத்தார்கள். அதுவே பின்னாளில் வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது. 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாயின. 1949இல் வனசீவராசிகளுக்கென்று தனித் திணைக்களம் உருவானது.

எங்கள் பக்கத்துக்கும் இதன் பங்கு வந்தது. புல்மோட்டைக்கு அப்பால் இருக்கும் கொக்கிளாய்க் களப்பு 1951இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. நிலாவெளிக்கு நேரே, கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் இருக்கும் புறாத்தீவு 1963இல் சரணாலயமானது. மலைப்புறாக்கள் அங்கே பாறை இடுக்குகளில் கூடு கட்டுவதால் வந்த பெயர். பிரித்தானியர் காலத்தில் அந்தத் தீவு சூட்டுப் பயிற்சிக்கு இலக்காக இருந்தது. முன்பு குண்டுக்கு இலக்கான இடம், பிறகு சட்டத்தின் காவலுக்குள் வந்தது.

1972இல் சட்டம் திருத்தப்பட்டபோது கடலாமைகளும் முழுப் பாதுகாப்பைப் பெற்றன. உலகில் இருக்கும் ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து வகை இலங்கைக் கரைகளுக்கு முட்டையிட வருகின்றன. இதை நான் படித்தது பெரியவனான பிறகு. சிறு வயதில் நானும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து மணலில் ஆமையின் தடம் பார்த்து முட்டை தோண்டியிருக்கிறேன். தோண்டியதை விற்றுக் காசும் வாங்கியிருக்கிறோம். அது சட்டப்படி குற்றம் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. சட்டம் பிறந்து அரை தலைமுறை கழிந்தும் எங்கள் கரைக்கு அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் வரவில்லை. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. சட்டம் இயற்றியவர்களுக்கும் கரையில் வாழ்ந்தவர்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

பட்டம் இல்லாத பேராசான்

வனவிலங்கு பற்றிய அறிவு பல்கலைக்கழகத்துக்குள் ஒரு தனிப் பாடமாக நுழைந்தது பிந்தித்தான். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் 1933இல் அல்டோ லியோபோல்ட் என்பவருக்கு வனவிலங்கு முகாமைத்துவத்துக்கான பேராசிரியர் பதவி வழங்கப்பட்டதை அந்தத் துறையின் ஆரம்பமாகச் சொல்வார்கள். அதற்கு முன்பு விலங்கியல் என்றால் பெரும்பாலும் இறந்த விலங்கின் உடலை வெட்டிப் பார்ப்பது. இந்தத் துறை கேட்பது வேறு கேள்வி. உயிரோடு இருக்கும் விலங்கு எங்கே போகிறது, என்ன தின்கிறது, எத்தனை பிறக்கின்றன, எத்தனை சாகின்றன, மனிதரோடு அது எப்படிச் சேர்ந்து வாழ்கிறது?

இந்தியாவில் இந்தக் கேள்விகளை வாழ்நாள் முழுவதும் கேட்டவர் சாலிம் அலி. நம் வாசகர்களில் பலர் பெயரைக் கேட்டிருப்பார்கள். அவருடைய பட்டத்தின் கதையைக் கேட்டிருக்க மாட்டார்கள். 1896இல் பம்பாயில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. சாதாரண ஊர்க்குருவி இல்லையே என்று மாமாவிடம் காட்ட, மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் அந்தக் குருவியின் பெயரைச் சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகள் நிறைந்த இழுப்பறைகளையும் திறந்து காட்டினார். அதோடு பையனின் வாழ்க்கை திரும்பியது.

ஆனால் அவர் கல்லூரிப் படிப்பை இடையில் விட்டுவிட்டுக் குடும்ப வியாபாரத்துக்காகப் பர்மா போனார். திரும்பி வந்து விலங்கியல் கற்றும் முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. இந்திய விலங்கியல் அளவைத் துறையில் பறவையியலாளர் பதவி வெற்றிடமானபோது பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு அது கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் நூதனசாலையில் வழிகாட்டி விரிவுரையாளரானார். பின்னர் பேர்லினுக்குப் போய் எர்வின் ஸ்ட்ரெஸமான் என்ற பேராசிரியரிடம் பயின்று 1930இல் திரும்பியபோது, அந்த நூதனசாலைப் பதவியும் நிதியில்லாமல் போயிருந்தது. வேலையில்லாத காலத்தில் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் இருந்து தூக்கணாங்குருவிகளைக் கவனித்து எழுதியதுதான் அவரை உலகுக்கு அறிமுகப்படுத்தியது.

1941இல் அவருடைய 'இந்தியப் பறவைகள்' நூல் வந்தது. 1968 முதல் 1974 வரை அமெரிக்கரான டிலன் ரிப்ளியோடு சேர்ந்து பத்துத் தொகுதிகளில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை உள்ளிட்ட நாடுகளின் பறவைகளைப் பற்றிய கையேட்டை வெளியிட்டார். பட்டமில்லாத அந்த மனிதருக்குப் பல்கலைக்கழகங்கள் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கின. அவரிடம் கற்ற மாணவர்கள் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பட்டங்களைப் பெற்றார்கள். 1987இல் அவர் மௌத்தானார். 1990இல் கோயம்புத்தூர் அருகே ஆனைக்கட்டியில் அவருடைய பெயரில் பறவையியல், இயற்கை வரலாற்று நிலையம் ஆரம்பமானது.

இந்தக் கதையைச் சிலர் 'பட்டம் தேவையில்லை' என்பதற்கு உதாரணமாகச் சொல்லக்கூடும். எனக்கு அது எதிர்ப்பக்கமாகவே படுகிறது. வசதியான குடும்பம், பேர்லின் வரை போக வழி, பம்பாயில் ஒரு கழகம், இவ்வளவும் இருந்தும் பட்டம் இல்லாத ஒரே காரணத்தால் அவருக்கு முன்னால் ஒரு கதவு மூடியது. குச்சவெளியில் கரைவலை இழுப்பவரின் மகளுக்கு இவை ஒன்றுமே இல்லை. அவளுக்குப் பட்டம்தான் கதவு.

எங்கள் கடலில் 'டியூலிப்'

இலங்கைக் காடுகளிலும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் வந்து நெடுநாள் தங்கினார்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1967இல் யானைகளைப் பற்றிய ஆய்வைத் தொடங்கியது. அடுத்த வருடம் வொல்ப்காங் டிட்டஸ் பொலன்னறுவையில் குரங்குகளைக் கவனிக்கத் தொடங்கினார். ஒரே குரங்குக் கூட்டங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்த அந்த ஆய்வு உலகில் மிக நீண்ட காலம் நடந்தவற்றுள் ஒன்று.

ஆனால் எங்கள் மாவட்டத்துக்கு நேரடியாக வந்தது ஒரு பாய்க்கப்பல். பத்து மீற்றர் நீளந்தான் இருக்கும். பெயர் 'டியூலிப்'. 1979இல் சர்வதேச திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தியிருந்தது. அதைத் தொடர்ந்து உலக வனசீவராசிகள் நிதியத்தின் ஆதரவோடு ஹால் வைற்ஹெட், ஜொனதன் கோர்டன் முதலான இளம் ஆராய்ச்சியாளர்கள் 1982 முதல் 1984 வரை இந்தக் கப்பலில் இலங்கையைச் சுற்றி ஆய்வு நடத்தினார்கள். அவர்கள் தேடியது ஸ்பேர்ம் திமிங்கிலத்தை. நம்மவர்கள் அறிந்த அம்பர் என்ற வாசனைப் பொருள் இந்தத் திமிங்கிலத்தின் குடலில்தான் உண்டாகிறது. அரபு வணிகர் நூற்றாண்டுக் கணக்காக இந்து சமுத்திரத்தில் தேடி விற்ற பண்டம் அது.

அதுவரை ஸ்பேர்ம் திமிங்கிலத்தைப் பற்றி உலகுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, கொன்று கரையேற்றிய உடல்களிலிருந்து தெரிந்தது. டியூலிப்பில் வந்தவர்கள் உயிரோடு பின்தொடர்ந்தார்கள். நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, திமிங்கிலம் எழுப்பும் 'டிக் டிக்' ஓசையைக் கேட்டு இரவு பகலாகப் பின்னால் போனார்கள். அது மூழ்கும்போது மேலே தூக்கும் வாலைப் படமெடுத்து, வாலின் ஓரத்து வெட்டுகளையும் தழும்புகளையும் கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். நம்முடைய கைரேகை மாதிரி. 1983இல் இலங்கைக் கடலில் ஒரு திமிங்கிலம் குட்டி ஈனுவதையும் நேரில் கண்டு எழுதினார்கள். அபிகெயில் அலிங் என்ற பெண் ஆராய்ச்சியாளரும் தோழர்களும் திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கிலங்களையும் இப்படிப் படமெடுத்து அடையாளம் கண்டார்கள். உலகிலேயே மிகப் பெரிய உயிரினம் எங்கள் துறைமுகத்து வாசலில் இரை தேடுகிறது என்பது அப்போது விஞ்ஞானத்தில் பதிவானது.

அது ஏன் இங்கே வருகிறது? திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே கடலின் அடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலேயே ஆழமாக இறங்குகிறது. மற்ற இடங்களில் நெடுந்தூரம் ஓடிப் பிடிக்கவேண்டிய ஆழம் இங்கே கரையிலிருந்து பார்க்கும் தூரத்தில் கிடைக்கிறது. அதனால்தான் சுவாமி மலையின் உச்சியில் நின்றே சில காலங்களில் திமிங்கிலம் ஊதுவதைக் காண முடிகிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதை அறிவார்கள். எந்தக் காற்றில், எந்த நீரோட்டத்தில் அது தென்படும் என்பதும் தெரியும். ஆனால் அந்த அறிவு வள்ளத்தோடு போய் வள்ளத்தோடு வந்தது. எழுத்தில் ஏறவில்லை.

1983 ஜூலையில் நாடு எரிந்தது. அதன் பின் யுத்தம் வந்தது. கிழக்குக் கடல் ஆராய்ச்சியாளருக்கு மட்டுமல்ல, கடற்றொழிலாளிக்கும் மூடப்பட்டது. 1990இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பத்து வயது. திமிங்கிலத்தை யாரும் எண்ணவில்லை, மனிதரைத்தான் எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையும் சரியாக இல்லை.

புறாத்தீவின் கேள்வி

2002இல் போர்நிறுத்தம் வந்தது. 2003இல் புறாத்தீவும் அதைச் சூழ்ந்த கடலும் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. பரப்பு 471 ஹெக்டேயர். ஹிக்கடுவைக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது கடல் தேசிய பூங்கா அது. பவளப்பாறைதான் அதன் செல்வம். 1998இல் கடல் சூடேறி இலங்கையின் மேற்குத் தெற்குக் கரைப் பவளப்பாறைகள் வெளுத்து இறந்தபோது, திருகோணமலைப் பக்கத்துப் பவளப்பாறைகள் பெரும்பாலும் தப்பின. ஆகவே அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

2004 டிசம்பர் 26இல் சுனாமி எங்கள் கரையை அள்ளிக்கொண்டு போனது. அதிலிருந்து எழும்பி, 2009இல் யுத்தமும் முடிந்து, சனம் நிம்மதியாகத் தொழிலுக்கு இறங்கியபோது, வாப்பாமார் தூண்டில் போட்ட இடத்தில் வலை போடக்கூடாது என்ற எல்லை நின்றது. அதே இடத்துக்கு உல்லாசப் பயணிகள் படகு படகாக வந்தார்கள். அவர்கள் பவளத்தின் மேல் கால் வைத்து நின்றதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். மீன் பிடிப்பவனுக்கு ஒரு சட்டம், மிதிப்பவனுக்கு வேறு சட்டமா என்று நிலாவெளியிலும் இறக்கக்கண்டியிலும் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

மறுபக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பவளப்பாறை மீனின் தொட்டில். தொட்டிலை உடைத்துவிட்டுப் பிள்ளை எங்கே என்று தேட முடியாது. டைனமைற் போட்டுப் பிடித்தவர்கள் நம்மிடையேயும் இருந்தார்கள் என்பதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு நியாயத்தையும் ஒரே ஆள் விளங்கிக்கொண்டு பேசவேண்டுமென்றால், அந்த ஆள் கரையில் பிறந்து, கடலைப் படித்தவராக இருக்கவேண்டும். எல்லை எங்கே போடுவது, எந்த மாதத்தில் மூடுவது, எந்த வலை கேடு, எந்த வலை கேடில்லை என்பதற்கு அளந்து சேர்த்த தரவு வேண்டும். அந்தத் தரவை எங்கள் பாஷையில் கேட்டு, அவர்கள் பாஷையில் எழுதத் தெரியவேண்டும். காட்டுப் பக்கத்திலும் இதே கதைதான். 2011இல் நடந்த கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. 2023ஆம் ஆண்டில் மட்டும் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. 100க்கும் மேற்பட்ட மனிதர்களும் யானையால் இறந்தார்கள். யானை வேலியை எங்கே போடுவது என்ற முடிவு கொழும்பில் வரைபடத்தின் மேல் எடுக்கப்படுகிறது. யானை எந்தப் பாதையால் வருகிறது என்பது இரவில் வயல் காவலிருப்பவனுக்குத் தெரியும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கவேண்டியவர்தான் நான் சொல்லும் பட்டதாரி.

எழுதுபவர் யார்?

நம்மவர்கள் ஒருவரும் இத்துறைக்குப் போகவில்லை என்பதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்த சாள்ஸ் சந்தியாப்பிள்ளை ஆசிய யானைகளின் ஆய்வில் உலகம் அறிந்த பெயர். சுமாத்திராவின் காடுகள் வரை சென்று பணியாற்றியவர். கடல் பக்கத்தில் ஆஷா டி வொஸ் இருக்கிறார். கடல்வாழ் பாலூட்டிகளின் ஆய்வில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதலாவது இலங்கையர் அவர். இலங்கையைச் சுற்றியுள்ள நீலத் திமிங்கிலங்கள் மற்றக் கடல்களின் நீலத் திமிங்கிலங்களைப் போல் குளிர்ந்த கடலுக்கு வலசை போகாமல் வெப்ப வலயத்திலேயே தங்குகின்றன என்பதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர். வெளிநாட்டவர் பரசூட்டில் குதிப்பது போல வந்து, தரவை எடுத்துக்கொண்டு, உள்ளூரவரை வளர்க்காமல் போகும் போக்கை அவர் வெளிப்படையாக விமர்சித்து வருகிறார். ஒவ்வொரு கரையையும் காக்க அந்தக் கரையின் ஆட்களே எழும்பவேண்டும் என்பது அவருடைய வாதம். லேயார்டும் முத்துவும் இருந்த இடத்தில், நூற்று எழுபது வருடத்துக்குப் பின்னும் நாம் பல வகையில் அதே நிலையில்தான் இருக்கிறோம் என்று எனக்குப் படுகிறது.

வழி இல்லாமலில்லை. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகம் முதலியவற்றில் விலங்கியல் படிக்கலாம். நம் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. மீன்பிடி, கடல் விஞ்ஞானத்துக்கென்றே ருகுணுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பீடம் உண்டு. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில், மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியலை முதுமாணிப் பாடமாகவே கற்பிக்கிறார்கள். டெஹ்ராடூனில் 1982இல் தொடங்கிய இந்திய வனவிலங்கு நிறுவனம் இருக்கிறது.

தடைகளையும் மறைக்கக்கூடாது. உயர்தரம் வரை தமிழில் உயிரியல் படித்த பிள்ளை, பல்கலைக்கழகத்தில் முதல் நாளே ஆங்கிலத்தில் குறிப்பெடுக்கவேண்டும். எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். களத்தில் தங்கி ஆராயவேண்டிய படிப்பு என்பதால் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள். பட்டம் முடித்தாலும் வேலை கையில் வைத்துக் காத்திருப்பதில்லை. இதையெல்லாம் சொல்லாமல் பிள்ளையை அனுப்பினால் நான் நல்ல ஆசிரியன் இல்லை.

ஆனால் இதில் பாதி நம்மால் தீர்க்கக்கூடியது. தமிழில் விலங்கியல் நூல்கள் குறைவு. எங்கள் கரையின் பறவைகளுக்கும் மீன்களுக்கும் ஆமைகளுக்கும் கடற்றொழிலாளர் வைத்திருக்கும் பெயர்களையாவது, சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்தோமா? கதையும் கவிதையும் எழுதுகிற நாம் அந்தச் சொற்களை நம்முடைய செல்வமாகக் கருதியதுண்டா? பேராமை, அழுங்காமை, தோணியாமை என்று அந்த மனிதர்கள் பிரித்துச் சொல்லும் பெயருக்குப் பின்னால் கூர்ந்த கவனிப்பு இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டே இதைச் செய்யலாம். நான் என் வகுப்பில் ஒரு கொப்பியோடு ஆரம்பித்திருக்கிறேன்.

அந்த மாணவியின் வாப்பாவைச் சில நாட்களுக்குப் பிறகு கடற்கரையில் சந்தித்தேன். முத்துவின் கதையை அவருக்குச் சொன்னேன். வலையைத் துன்னிக்கொண்டே கேட்டார். முடிந்த பிறகு, "அப்ப அந்தப் பறவயப் புடிச்சவன் முத்து, எழுதினவன் தொர" என்றார். "ஓம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இவ எழுதினா ஆர்ர பேரப் போடுவா?" என்று கேட்டார்.

"அவட பேரத்தான் போடுவா. கேட்டுச் சொன்னவங்கட பேரையும் போடச் சொல்லுங்க" என்றேன்.

அவர் இன்னும் முழுச் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அவள் கேட்ட பாடமே முதலாவதாக இருக்கிறது. கையொப்பம் வாப்பா வைத்திருக்கிறார். ஆங்கிலத்துக்கு வாரத்தில் மூன்று நாள் என் வீட்டுக்கு வருகிறாள்.